வெளிச்சம் எல்லார்க்கும் ஒன்றா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

வெளிச்சத்தை வேண்டாம் என்பவர் உலகில் உண்டோ? புது வீடு புகும்போது முதலில் விளக்கைத்தான் ஏற்றுகிறோம். கல்வியை ஒளி என்றும் கல்லாமையை இருள் என்றும் மேடைதோறும் பேசுகிறோம். "உன் வாழ்வில் ஒளி வீசட்டும்" என்றே பெரியோர் நம்மை வாழ்த்துகிறார்கள். இப்படிப்பட்ட உலகத்தில், "எனக்கு வெளிச்சம் ஒத்துக்கொள்வதில்லை" என்று ஒருவன் சொன்னால், கேட்பவர்கள் நகைக்கத்தானே செய்வார்கள்?

என்னைப் பார்த்தும் நகைத்தார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. பதினெட்டு வயது முடியும்வரை எனக்கே அது இன்னதென்று தெரியாது. தெரிந்தபின், நம் கல்லூரி மலரில் அதைப் பற்றி எழுதினால் என்ன என்று தோன்றியது. கதை எழுதவும் கவிதை எழுதவும் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். எனக்கு அவை வாரா. எனக்குத் தெரிந்த ஒன்றைத் தெரிந்தபடியே எழுதுகிறேன்.

என் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரையோரச் சிற்றூர். எங்கள் தெருவில் பாதிப்பேர் உப்பளத் தொழிலாளர்கள். அப்பா லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறார். அம்மா அளத்தில் உப்பு வாருகிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

உப்பளத்தை நேரில் பார்த்திராத நண்பர்களுக்காகச் சில வார்த்தைகள். உப்புநீரைத் தெப்பங்களில் தேக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய்ச்சி, வெயிலில் வற்றவிடுவார்கள். நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ 25 டிகிரியைத் தொடும்போது அதைப் பாத்திக்குள் விடுவார்கள். அங்கேதான் உப்பு விளையும். விளைந்த உப்பைப் பலகையால் வாரிக் கரையில் குவிப்பார்கள். பிறகு சுமந்து சென்று அம்பாரமாக அடுக்குவார்கள். மேலே கூரை கிடையாது. பக்கத்தில் மரம் கிடையாது. தலைக்கு மேல் ஒரு சூரியன், காலுக்குக் கீழே வெள்ளை உப்பிலும் நீரிலும் பட்டுத் திரும்பும் இன்னொரு சூரியன். இப்படி இரண்டு சூரியன்களுக்கு நடுவே நின்று வேலை செய்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். நல்ல வெயில் அடித்தால்தான் அவர்களுக்குக் கூலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அளம் மூழ்கிவிட்டால் அடுப்பும் அணைந்த மாதிரிதான்.

எனக்கு ஆறு வயதிருக்கும். பள்ளி விடுமுறை நாள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அம்மா என்னையும் அளத்துக்கு அழைத்துப் போனாள். விடியுமுன் இருட்டிலேயே போய்விட்டோம். அதுவரை ஒன்றும் இல்லை. சூரியன் ஒரு பனை உயரம் ஏறியதும் எல்லாம் மாறிவிட்டது. உப்பு முழுவதும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துக் கத்துவதுபோல் இருந்தது. ஆம், கத்துவதுபோல்தான். எனக்கு மிகுந்த வெளிச்சம் என்பது மிகுந்த சத்தத்தைப் போன்றது. கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பாக எரிந்தது. வரப்பிலேயே குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டேன். எழுந்திருக்க மாட்டேன் என்றேன். முதலில் கெஞ்சிய அம்மா, கங்காணி பார்ப்பதைக் கண்டதும் முதுகில் இரண்டு வைத்தாள்.

"வெயிலு எல்லாருக்கும் ஒண்ணுதாம்ல. ஒனக்கு மட்டும் தனியாவா அடிக்கி?"

இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. அதற்குள் நான் வாங்கிய பெயர்கள் பல.

பள்ளியில் எனக்குக் கிடைத்த பெயர் 'குனிஞ்ச தலை'. சன்னலோர இருக்கையில் இருந்துகொண்டு கரும்பலகையைப் பார்த்தால், பலகையின் பளபளப்பில் எழுத்து மறைந்துவிடும். அதனால் தலையைக் குனிந்துகொண்டு காதால் பாடம் கேட்பேன். "ஆசிரியர் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டாயா?" என்பார்கள். வெளிச்சம் மிஞ்சிப்போன நேரங்களில் எனக்கு இன்னொன்றும் நேரும். பேச்சு வராது. சொல்ல வேண்டிய சொல் உள்ளே இருக்கும். வாய்க்கு வந்து சேராது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்கிற பையனை ஆசிரியர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? 'திமிர் பிடித்தவன்' என்ற பெயரும் வந்து சேர்ந்தது.

எனக்குப் பதின்மூன்று வயதில் தாய்மாமனுக்குத் திருமணம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவன் நான். புதுச்சட்டை உடுத்தி நின்றேன். வீடியோ எடுப்பவர் பெரிய விளக்கை எங்கள் முகத்துக்கு நேராகத் திருப்பினார். மேடையைச் சுற்றிச் சரவிளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. தாலி கட்டும் நேரத்தில் நான் மேடையில் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால், சமையற்கட்டை ஒட்டியிருந்த விறகுக் குவியலின் இடுக்கில் உட்கார்ந்திருந்தேன். மாமா இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. "என் கல்யாணத்தில் என்னை அவமானப்படுத்தியவன்" என்பது அங்கே எனக்குக் கிடைத்த பெயர். உடன்பிறந்தவனுக்கும் பெற்ற பிள்ளைக்கும் நடுவே அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். அழுதாளே தவிர, அந்த முறை அவள் என்னை அடிக்கவில்லை.

இந்த நிலையில்தான் நம் கல்லூரிக்கு வந்து சேர்ந்தேன். பேருந்தில் வரும்போது சாலையோரப் புளியமரங்களின் நிழலும் வெயிலும் மாறி மாறிக் கண்ணில் அடிக்கும். ஒரு மணி நேரப் பயணத்தில் நான் பாதி ஆளாகிவிடுவேன். வகுப்பில் குழல்விளக்குக்குக் கீழே மின்விசிறி சுழலும். அதன் இறக்கைகள் வெளிச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டி நோட்டின்மேல் போடும். ஐம்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான் போலும். நெற்றியில் கையை வைத்துக்கொண்டே இருந்ததால், "என்ன, எப்போதும் சல்யூட்டா?" என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பது விளக்கிச் சொல்வதைவிட எளிது.

முதல் பருவத் தேர்வு நவம்பரில் வந்தது. கணிதத் தேர்வன்று எனக்குத் தரைத்தளத்து அறை. கிழக்குப் பார்த்த சன்னலோரம் என் எண். முந்தின இரவு நல்ல மழை. மைதானம் முழுவதும் குளமாகத் தண்ணீர் நின்றது. பத்து மணிக்கு மேகம் விலகி வெயில் அடித்ததும், அந்தத் தண்ணீரில் பட்ட ஒளி எகிறி வந்து கூரையிலும் சுவரிலும் நெளிந்தது. தலைக்கு மேல் மினுக்கிக்கொண்டிருந்த ஒரு பழுதான குழல்விளக்கு. எதிரே வெள்ளை விடைத்தாள். நண்பர்களே, அந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை எனக்குத் தெரியும். முந்தின நாள் இரவு வீட்டுத் திண்ணையில் இருந்து போட்டுப் பார்த்தவை. ஆனால் தாளில் கோடு எது, எண் எது என்று எனக்குப் பிரியவில்லை. மேற்பார்வையாளர் அருகில் வந்து, "என்னப்பா, எழுதலையா?" என்றார். எனக்கு வாய் எழவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, முதல் பக்கம்கூட நிரம்பாத விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியேறினேன்.

அந்தத் தாள் அரியர் ஆயிற்று. மீண்டும் எழுதக் கட்ட வேண்டிய கட்டணம் பெரிய தொகை அன்று. ஆனால் மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் சிறிய தொகை என்று எதுவுமே கிடையாது. அன்றிரவு அம்மாவிடம், "எனக்குப் படிப்பு ஒத்துவரலம்மா. அப்பாகூட வேலைக்குப் போறேன்" என்றேன்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. உலையைக் கிளறிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எய்யா, நீ படிக்காம அளத்துக்கு வந்தா, அந்த வெள்ளையில ஒரு மணி நேரம் நிப்பியா?"

கோபத்தில் கேட்ட கேள்வி அன்று. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆறு வயதில் நான் வரப்பில் விழுந்து கிடந்ததை அவள் மறக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் படிக்காத பிள்ளைக்கு உள்ள ஒரே வழி, என்னால் நிற்கவே முடியாத அந்த வெளிச்சத்தின் நடுவே இருந்தது. நான் தூங்கவில்லை. அவளும் தூங்கவில்லை.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அம்மாவுக்கு வலது கண் பல மாதங்களாகச் சிவந்து உறுத்திக்கொண்டிருந்தது. வேலை நாட்களில் மருத்துவரிடம் போனால் கூலி போய்விடும் என்று தள்ளிப்போட்டு வந்தாள். மழைக்காலத்தில் வேலை இல்லாததால் அரசு மருத்துவமனைக்கு அவளை அழைத்துப் போனேன். கண் மருத்துவர் ஓர் அம்மையார். பார்த்துவிட்டு, "வெள்ளை விழியிலிருந்து கருவிழிக்குச் சதை வளர்ந்திருக்கிறது" என்றார். வெயில், தூசி, காற்று இவற்றில் நெடுங்காலம் உழைப்பவர்களுக்கு இது வருவதுண்டாம். "வேலை செய்யும்போது கறுப்புக் கண்ணாடி போடுவதில்லையா?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள். "நானென்ன சினிமாக்காரியா, தாயி?"

அப்போது மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் விளக்குக்கு முதுகைக் காட்டி, நெற்றியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். "உனக்கு என்னப்பா?" என்று கேட்டு என் கண்ணையும் சோதித்தார். சிறு கைவிளக்கை அருகில் கொண்டுவந்தபோது என்னை அறியாமல் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். சோதனை முடிந்தது. பார்வை ஆறுக்கு ஆறு. கருவிழியில் புண் இல்லை, கண்ணில் வறட்சி இல்லை, வீக்கம் இல்லை. "உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை" என்றார். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது. குறை இல்லையென்றால், எல்லோரும் சொன்னதுபோல் இது வெறும் நடிப்புத்தானா?

அவர் அதோடு விடவில்லை. "திடீர்ச் சத்தம் தாங்குமா? சட்டையின் கழுத்துத் துணி உறுத்துமா? சில நேரங்களில் பேச்சு வராமல் போகுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்றுக்கும் ஆம் என்றேன். ஒரு சீட்டு எழுதி மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அம்மா பதறிவிட்டாள். "எம்புள்ளைக்குப் பைத்தியமா தாயி?" என்றாள். "இல்லம்மா. அவன் மூளை கொஞ்சம் வேற மாதிரி வேலை செய்யுதோன்னு பாக்கணும். அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மையார்.

பல வாரங்கள் போய் வந்தோம். என்னைக் கேட்டதைவிட அம்மாவைத்தான் அதிகம் கேட்டார்கள். மூன்று வயது கடந்தும் நான் பேசாதது, கடற்கரைச் சிப்பிகளை அளவு வாரியாக அடுக்கி வைத்து யாரையும் தொடவிடாதது, ஆண்டுக்கணக்கில் மோர்ச்சோறு தவிர வேறு எதையும் தின்ன மறுத்தது ஆகியவற்றையெல்லாம் அம்மா ஒன்றுவிடாமல் சொன்னாள். முடிவில் அவர்கள் சொன்ன சொல் ஆட்டிசம். தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. என் மதி இறுகியிருக்கவில்லை; கதவுகள் அகலத் திறந்து கிடப்பதுதான் எனக்குள்ள தொல்லை. ஆகவே இங்கே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

அறிவியல் மாணவன் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 'ஆட்டிசம்' என்ற சொல்லை 1911-ல் வழங்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் பிளாய்லர். அவர் அதை வேறொரு மனநோயின் அறிகுறியைக் குறிக்கவே பயன்படுத்தினார். அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர், 1943-ல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேதான் இன்று நாம் அறிந்திருக்கும் பொருள் அச்சொல்லுக்கு வந்தது. உரத்த சத்தங்களும் அசையும் பொருள்களும் அக்குழந்தைகளை அஞ்சி நடுங்கச் செய்ததை அவர் அப்போதே குறித்திருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், ஒளி, ஒலி, தொடுதல் போன்றவற்றை அளவுக்கு மிஞ்சியோ அளவுக்குக் குறைந்தோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஆட்டிசம் உள்ளவரான டெம்பிள் கிராண்டின், அமெரிக்காவில் கால்நடை அறிவியல் பேராசிரியராக விளங்குபவர். குழல்விளக்கின் துடிப்பு தம்மைப் போன்றோரில் சிலரை எவ்வளவு துன்புறுத்துகிறது என்பதை அவரும் எழுதியிருக்கிறார்.

துடிப்பு என்றது உவமை அன்று. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுமின்சாரம். ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இருமுறை உச்சத்துக்குப் போய் இருமுறை சுழியத்துக்கு வருகிறது. ஆகவே பழைய சோக்கு வைத்த குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவும் அப்படியே. பெரும்பாலோர் கண்ணுக்கு அது ஒரே சீரான வெளிச்சம். கண் என்பது வாசல் மட்டுமே, பார்ப்பது மூளை. வாசலில் வந்து நிற்கிற எல்லாவற்றிலும் வேண்டியதை முன்னே விட்டு, வேண்டாததைப் பின்னே தள்ளுகிற வேலையை மூளை நாம் அறியாமலே செய்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு இந்த வேலை வேறு விதமாக நடக்கிறது. எனக்கு வெளிச்சத்தை யாரும் பின்னே தள்ளித் தருவதில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். உச்சி வெயிலின் ஒளிச்செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். படிப்பதற்குச் சில நூறு லக்ஸ் போதும். நம் கண்ணின் பாவை, 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரியவல்லது. பரப்பளவில் பார்த்தால் பதினாறு மடங்குதான். மீதி வேறுபாட்டையெல்லாம் விழித்திரையும் மூளையும் சேர்ந்து சரிக்கட்ட வேண்டும். எல்லார்க்கும் ஒரே சூரியன்தான். ஆனால் அதைச் சரிக்கட்டும் கணக்கு ஆளுக்கு ஆள் ஒன்றல்ல. அம்மாவின் கேள்விக்கு விடை இதுதான்.

பெயர் தெரிந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. பெயர் மருந்து அன்று. என் எண்ணத்தை உண்மையில் மாற்றியது நம் இயற்பியல் துறையின் இருட்டறை.

இரண்டாம் பருவத்தில் நிறமாலைமானிச் சோதனைக்காக முதன்முறை அங்கே நுழைந்தோம். சன்னல்களில் கறுப்புத் துணி. சோடிய ஆவி விளக்கை ஏற்றியதும் முதலில் இளஞ்சிவப்பாக மினுங்கும். பொறுத்திருந்தால் மெல்ல மெல்ல மஞ்சளாகும். அந்த மஞ்சள் வேறு எந்த விளக்கிலும் கிடையாது. 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் என்னும் இரண்டே அலைநீளங்கள் அடங்கிய ஒளி அது. மற்ற விளக்குகள் கூட்டமாகக் கத்தினால், இது ஒருவர் மட்டும் அமைதியாகப் பேசுவதுபோல் இருந்தது. என் தோள்கள் தாமாகவே தளர்ந்தன. கை நெற்றியிலிருந்து இறங்கிவிட்டது. அதே அறையில் நண்பர்கள் மேசையில் இடித்துக்கொண்டார்கள். வெர்னியரின் கோடு தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டார்கள். எனக்குச் சிறும விலகு கோணம் முதல் முறையிலேயே கிடைத்தது. அடுத்த மேசைக்காரன், "டேய், இங்க வந்து கொஞ்சம் பார்த்துச் சொல்லுடா" என்று கூப்பிட்டான். அதற்குப் பின் அடுத்த மேசை. அதற்கும் அடுத்த மேசை.

அன்று வீடு திரும்பும்போது யோசித்தேன். காலையில் வகுப்பறையில் நான் குறையுள்ளவன். மாலையில் இருட்டறையில் மற்றவர்களுக்குக் கண்ணாக இருந்தவன். இடையில் என் கண்ணும் மாறவில்லை, மூளையும் மாறவில்லை. மாறியது அறை மட்டும்தான். அப்படியானால் குறை என்று நாம் சொல்வதில் பாதி ஆளிடம் இருக்கிறது. மறுபாதி அறையில் இருக்கிறது. ஆளை மாற்ற முடியாவிட்டாலும் அறையைக் கொஞ்சம் மாற்றலாம் அல்லவா?

இந்தத் துணிவோடுதான் துறைத்தலைவர் ஐயாவைப் பார்க்கப் போனேன். பேச்சு வராமல் போய்விடுமோ என்று அஞ்சி, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவர் முழுவதும் படித்தார். பிறகு எழுந்து அறையின் குழல்விளக்கை அணைத்துவிட்டு, "இப்போது பேசு" என்றார். அதைவிடப் பெரிய உதவியை அவர் பின்னர் செய்தார். ஆனால் என் மனத்தில் நிற்பது அந்த விசையை அணைத்த கைதான்.

பிறகு நடந்தவை மிகச் சிறிய காரியங்கள். வகுப்பில் என் இடம் சன்னலோரத்திலிருந்து சுவரோரத்துக்கு மாறியது. மினுக்கிய குழல்விளக்கை மாற்றினார்கள். தேர்வறையில் வெளிச்சத்துக்கு முதுகு காட்டும் இருக்கையும், தொப்பி அணிய அனுமதியும் கிடைத்தன. உணவு இடைவேளையில் பத்து நிமிடம் இருட்டறையில் இருக்க ஆய்வக உதவியாளர் அண்ணன் இடம் தருகிறார். "உள்ளே ஒரு ஆள் ஓய்வெடுக்கிறார்" என்று கதவுக்கு வெளியே நின்று மற்றவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வதும் அவரே. மருத்துவர் இலேசான நிறம் ஏற்றிய கண்ணாடி ஒன்று எழுதித் தந்தார். வெளியில் தொப்பியோடு போடச் சொன்னார். வீட்டுக்குள் எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டால் கண் இருட்டுக்கே பழகிவிடும். கூச்சம் கூடும் என்று எச்சரித்தார். இந்த மாற்றங்களுக்கெல்லாம் சேர்ந்து ஆன செலவு ஒரு விளக்கின் விலை.

இவை சலுகைகள் என்று சிலர் நினைக்கலாம். நானும் நினைத்துக் கூசினேன். பின்னர்தான் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பற்றி அறிந்தேன். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைகளே இருந்தன; ஆட்டிசம் அவற்றில் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைகளைக் கூறுகிறது. ஆட்டிசம் அவற்றில் ஒன்று. பெருஞ்சுமை எதுவுமின்றிச் செய்து தரக்கூடிய நியாயமான ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடே என்கிறது அச்சட்டம். ஆகவே நான் கேட்டது இரக்கத்தை அன்று. மூக்குக் கண்ணாடி போட்டவரை நாம் சலுகை பெற்றவர் என்கிறோமா?

ஏப்ரலில் அந்தக் கணிதத் தாளை மீண்டும் எழுதினேன். சுவரோரத்து இருக்கை, தலையில் தொப்பி. மூன்று மணி நேரமும் முழுவதும் எழுதினேன். தேறிவிட்டேன். அம்பத்தெட்டு மதிப்பெண். பெரிய மதிப்பெண் அன்று என்பது தெரியும். ஆனால் அது என் கணிதத்துக்குக் கிடைத்த மதிப்பெண். என் கண்ணுக்குக் கிடைத்தது அன்று.

கடைசியாக ஒன்று. போன கோடையில் ஒரு நாள் அம்மாவுக்குச் சோறு கொண்டு அளத்துக்குப் போனேன். தொப்பியும் கண்ணாடியுமாகப் போனதால் வரப்புவரை நடக்க முடிந்தது. காலை ஒன்பது மணி வெயில். அம்மா அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, தலையில் துண்டு கட்டி, கண்ணை இடுக்கிக்கொண்டு உப்பு வாரிக்கொண்டிருந்தாள். கண்ணை இடுக்கி இடுக்கியே அவள் நெற்றியில் விழுந்த கோடுகள் அவை என்பதை அன்றுதான் கவனித்தேன். என் கண்ணாடியைக் கழற்றி அவள் முகத்தில் மாட்டினேன். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. பாத்தியை, அம்பாரத்தை, வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எய்யா, இம்புட்டுக் குளுமையாவா இருக்கும்?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் கூசத்தாம்ல செய்யிது. சொன்னா யாரு கேப்பா?" என்றாள்.

என் இருபது வயதில் நான் கேட்ட வார்த்தைகளில் இவ்வளவு என்னைச் சுட்டது வேறில்லை. எனக்கு வெளிச்சம் தாங்கவில்லை என்பதையே இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஆட்டிசம் இல்லை. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த வெள்ளையில் நின்றவளுக்கு, நிற்க மாட்டேன் என்று சொல்லும் வசதி இல்லை. நான் விழுந்து கிடந்து சொன்னேன். அவள் நின்றபடி சொல்லாமல் விட்டாள். வெயில் எல்லார்க்கும் ஒன்று என்று அவள் சொன்னது எனக்கு மட்டும் சொன்ன வார்த்தை அன்று; தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டதுதான். அந்த மாத உதவித்தொகையில் அவளுக்கு ஒரு கண்ணாடி வாங்கினேன். இப்போது சினிமாக்காரி என்று அவளைத்தான் கேலி செய்கிறார்கள். அவள் கழற்றுவதில்லை. அவளோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள் விலை கேட்டிருக்கிறார்கள்.

அன்பு நண்பர்களே! மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களே! ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லோரும் என்னைப் போன்றவர்கள் அல்லர். சிலர்க்கு ஒளி பிடிக்கும். சுழலும் விளக்கை மணிக்கணக்கில் பார்த்து மகிழ்வோர் உண்டு. சிலர்க்குச் சத்தம்தான் பகை. சிலர்க்குத் துணியின் தொடுகை. ஆகவே ஒருவரைப் பார்த்து எல்லாரையும் அளக்க வேண்டாம். உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவே. வகுப்பில் ஒருவன் தலையைக் குனிந்திருந்தால், திமிர் என்று முடிவு கட்டுமுன் ஒரு முறை காரணம் கேளுங்கள். கேட்டும் பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுங்கள்; அல்லது ஒரு தாளை நீட்டுங்கள். ஒரு விளக்கு மினுக்கினால் அது யாரோ ஒருவரைச் சுடுகிறது என்று எண்ணி, மாற்றச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்தவன் சொல்லிவிடுவான். சொல்லாமல் நிற்கிறவர்கள் நம் வகுப்பிலும் இருப்பார்கள். நம் வீட்டிலும் இருப்பார்கள்.

கல்வியை ஒளி என்று தொடக்கத்தில் சொன்னேன். அதை நான் மறுக்கவில்லை. என் குடும்பத்துக்கு முதல் விளக்காக என்னை ஏற்றிவைத்தது இந்தக் கல்லூரிதான். விளக்கை எந்த இடத்தில் வைத்தால் எல்லோரும் படிக்கலாம் என்று ஒரு நொடி பார்த்து வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.